மிஸிக்கு இரண்டு, மச்சாளுக்குப் பன்னிரண்டு

மட்டக்களப்பு வாவியில் கொக்கு, நாரை, நீர்க்காகம், முதலை என்று பல இனங்கள் உண்டு. அவற்றை எண்ணிப் பட்டியல் போடுவதற்கென்றே தூர தேசங்களிலிருந்து கமராவும் தொப்பியுமாக ஆட்கள் வந்து, சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் அதே வாவியின் இரு கரைகளிலும் ஏராளமாகப் பெருகியிருக்கும் ஓர் இனத்தை இதுவரை ஒருவரும் படம் பிடித்ததில்லை. காரணம், அது தண்ணீரிலும் தரையிலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்தால் மட்டுமே வெளிப்படும். அதன் பெயர் ஒண்டுமில்லைக்காரர். பெண்பால், ஒண்டுமில்லைக்காரி. பெண்பாலைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும். ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

வீட்டில் இருக்கும்போது இவரை உங்களால் அடையாளம் காண முடியாது. தும்மினால் தெருவைக் கூட்டுவார், காலில் நெருஞ்சி முள் ஏறினால் அதை எடுக்க நான்கு பேரையும், எடுப்பதைப் பார்க்க எட்டுப் பேரையும் அழைப்பார். எல்லா மனிதரையும் போலத்தான். ஆனால் அவரைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு கட்டிலில் போட்டு, வெள்ளை உடுப்போடு ஒரு தாதி, எங்கள் வாயில் மிஸி, கையில் பேனையை வைத்துக்கொண்டு, "எப்படி இரிக்கி?" என்று கேட்கட்டும். முகத்தில் ஒரு தெய்வீகச் சிரிப்பு வரும். தலை ஒரு பக்கம் சாயும். பிறகு அந்தச் சொல் வரும்.

"ஒண்டுமில்ல மிஸி."

வவுணதீவுப் பக்கத்து மனிசன் ஒருவரை எருமை முட்டி விலா எலும்பில் மூன்று முறிந்து கொண்டுவந்திருந்தார்கள். "மூச்சு எடுக்கக்குள்ள நோகுதா?" என்று கேட்டதற்கு அவர், "எடுக்காட்டி ஒண்டுமில்ல மிஸி" என்றாராம். கல்குடாவில் வலை இழுக்கிறவர் ஒருவருக்குத் திருக்கை முள் பாதத்தின் அடியால் புகுந்து மேலால் வந்து நின்றது. அவர் அதைச் சின்னக் கீறல் என்றார். முள்ளை எடுத்து மேசையில் வைத்தபோது அது அவருடைய செருப்பைவிட நீளமாக இருந்தது என்று எனக்குச் சொன்னவர் சொன்னார். நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் அவர்கள் குறைத்த அளவுக்கு நான் கூட்டவில்லை.

இவரின் உண்மையான அழகைக் காண வேண்டுமென்றால் நீங்கள் பார்வையாளர் நேரத்தில் போக வேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்குக் கதவு திறக்கிறது. தேங்காய்ப்பூக் கலரில் சொப்பிங் பையும், சுடுதண்ணிப் போத்தலும், தோடம்பழமுமாகச் சனம் உள்ளே பாய்கிறது. அதுவரை சமாதியில் இருந்த நம்முடைய ஒண்டுமில்லைக்காரர் மெல்லக் கண் திறக்கிறார். தலையணையை நிமிர்த்துகிறார். தண்ணீர் ஒரு மிடறு. பிறகு, பிறந்த நாள் தொடங்கி அன்று மத்தியானம் கொடுத்த சோறு வரைக்கும், எந்த நரம்பில் எந்த நேரம் எப்படி இழுத்தது, எந்த எலும்புக்குள் எந்த மாதிரிப் பூச்சி ஓடியது, கண்ணை மூடினால் யார் யார் வந்து கூப்பிட்டார்கள் என்று, கேட்கிறவரின் கையிலிருக்கிற தோடம்பழம் தானாக உரிந்து விழும் அளவுக்கு ஒரு புராணம் பாடுகிறார். மணி ஆறு. கதவு மூடுகிறது. மிஸி வருகிறாள்.

"நோவு ஏதும் இரிக்கா?"

"ஒண்டுமில்ல மிஸி."

ஏன் இப்படி? பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் ஆராய வேண்டிய விஷயம் இது. "அந்தப் புள்ள பாவம், முப்பது கட்டிலுக்கு ஓடுது, நாம வேற கரைச்சல் குடுக்கிறதா" என்று இவர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அதே ஆள் வீட்டில் மருமகளை ஒரு தேத்தண்ணிக்கு நான்கு தரம் ஓட வைப்பவர். உண்மைக் காரணம் வேறு. மிஸி கையில் இருப்பது பேனை. பேனை வைத்திருக்கிறவர் கேள்வி கேட்டால் அது பரீட்சை. பரீட்சை என்றால் பாஸ் பண்ண வேண்டும். பாஸ் பண்ணினால் டிக்கட் வெட்டுவார்கள், அதாவது வீட்டுக்குப் போகலாம் என்று எழுதித் தருவார்கள். பெயிலானால் இன்னும் ஒரு நாள். இதுதான் ஒண்டுமில்லைக்காரரின் முழுச் சாத்திரம்: ஒரு முறைப்பாடு, ஒரு நாள்.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். சரி, பொறுத்தது போதும். சொல்லிவிடுகிறேன்.

போன வைகாசியில் என்னுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தது. எப்படி முறிந்தது என்பதற்கு மூன்று வரலாறுகள் உண்டு. பழுகாமத்தில் எங்கள் தெரு ஆட்களுக்கு நான் சொன்னது, வயல் வட்டையில் பயிருக்குள் இறங்கிய யானையைத் துரத்தப் போனேன் என்று. பென்சன் எடுக்கிற ஆசிரியர் சங்கத்தாருக்குச் சொன்னது, ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இறங்கினேன் என்று. மூன்றாவது வரலாறு என் மச்சாள் சுலோஜனாவுக்கு மட்டும் தெரியும், அவள்தான் என்னை நிலத்திலிருந்து பொறுக்கி எடுத்தவள். பக்கத்து வீட்டுத் தனுஷாவைப் பெண் பார்க்க ஒரு வான் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை எந்தச் சீட்டில் இருந்து இறங்குகிறார் என்று பார்க்க, வேலியோரம் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டு அதன் மேல் ஏறினேன். மாப்பிள்ளை முன் சீட்டு. அதைக் கண்டுகொண்டுதான் விழுந்தேன் என்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

ஆஸ்பத்திரியில் என்னைப் பொறுப்பெடுத்தவள் றுக்ஷானா மிஸி. ஏறாவூர்ப் பிள்ளை. முப்பது வயதுக்குள் இருக்கும். கதைக்கும்போது கண்ணைப் பார்த்துக் கதைக்கிற ரகம், அது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஒரு நீளத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள்.

"ரீச்சர், எப்பிடி விழுந்தீங்க? தலை சுத்தினதா, கால் சறுக்கினதா?"

"யானை."

பேனை நின்றது. "யானை தட்டினதா?"

"தட்டல்ல. நான் துரத்தினன்."

பின்னால் நின்ற சுலோஜனா இருமினாள். மிஸி சிரிக்கவில்லை. "தலை சுத்தி விழுந்தீங்கெண்டா அதையும் பாக்கணும், அதுக்குத்தான் கேக்கன்" என்றாள். நான் நல்ல காலத்துக்குக் கதிரை என்ற சொல்லை மட்டும் மெல்ல வெளியே விட்டேன். எந்தக் கதிரை, எதற்கு, என்று கேட்கவில்லை, எழுதிக்கொண்டாள்.

"சீனி வருத்தம் இரிக்கா?"

"சீனி கொஞ்சம். வருத்தம் இல்ல."

"பல்லுக் கட்டினதா?"

"என்ட சொந்தப் பல்லு" என்றேன். அதைச் சொல்லும்போது அவை டம்ளருக்குள் கிடந்தன. மிஸி டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுதினாள். என்ன எழுதினாளோ.

புதன்கிழமை காலை மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்கி, தொடையிலிருந்து விரல் அடி வரைக்கும் பிளாஸ்டர் போட்டார்கள். ஐந்து விரல்கள் மாத்திரம் வெளியே, மண்ணுக்குள் புதைத்த கிழங்கின் முளைகள் மாதிரி, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. மயக்கம் தெளிந்ததும் றுக்ஷானா மிஸி வந்து நின்றாள்.

"ரீச்சர், கவனமாக் கேளுங்க. முறிஞ்ச கால் உள்ளுக்குள்ள வீங்கும். வீங்கினா இந்தக் கட்டு இறுகும். இறுகினா ரத்தம் ஓடாது, நரம்பு செத்துப் போகும். காலையே எடுக்க வேண்டி வரும். அதால விரல் மரத்தாலும், நோவு கூடினாலும், உடனே கூப்பிடணும். எந்த நேரமெண்டாலும்."

"ஓம் மிஸி" என்றேன். எட்டாம் ஆண்டுக்கு முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். இரத்தச் சுற்றோட்டத்தைக் கரும்பலகையில் சிவப்பும் நீலமுமாக எத்தனை தரம் கீறியிருப்பேன். எனக்கு விளங்காததா? நன்றாக விளங்கியது. ஆனால் அதைவிட நன்றாக இன்னொன்று விளங்கியது: திங்கட்கிழமை எங்கள் கண்ணகை அம்மன் சடங்கின் கடைசி நாள், அம்மனைக் குளிர வைக்கிற குளிர்த்தி. வருடத்தில் ஒரு தரம் கதவு திறக்கிற அம்மன். ஊர் முழுக்க அங்கே நிற்கும். நான் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? யானைக் கதையைச் சொல்ல ஆள் இருக்காது. சுலோஜனா கதிரைக் கதையைச் சொல்லிவிடுவாள். ஆகவே சனிக்கிழமைக்குள் டிக்கட் வெட்ட வைக்க வேண்டும்.

"இப்ப நோவு எத்தின சொல்லுங்க" என்றாள் மிஸி. "ஒண்டும் இல்லாட்டிச் சைபர். தாங்கவே ஏலாதெண்டா பத்து."

நான் யோசித்தேன். சைபர் என்றால் பொய் என்று பிடித்துவிடுவாள். மூன்று என்றால் மருந்து தருவாள், மருந்து தந்தால் தாளில் எழுதுவாள், எழுதினால் ஒரு நாள் கூடும்.

"ரெண்டு."

பாருங்கள், விலை பேசி வாங்கினேன் என் நோவை.

அடுத்தது விரல் பரீட்சை. இதுதான் அந்த வாட்டின் மிக நுட்பமான பரீட்சை. மிஸி முதலில் விரல்களைத் தொட்டுச் சூடா குளிரா பார்ப்பாள். நகத்தை அமத்தி விட்டு, வெளுத்தது சிவக்க எவ்வளவு நேரம் என்று எண்ணுவாள். ஆட்டச் சொல்லுவாள். கடைசியாக, "கண்ணை மூடுங்க ரீச்சர். எந்த விரலைத் தொடுறன் சொல்லுங்க" என்பாள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம்.

புதன்கிழமை முழுக்க நான் நேர்மையாகவே பாஸ் பண்ணினேன். வியாழன் காலை எழும்பியபோது விரல்கள் கொஞ்சம் தூரத்தில் இருப்பது போல இருந்தது. பத்து மணிக்குத் தொட்டபோது, தொட்டாளா இல்லையா என்று எனக்குச் சந்தேகம். "சின்னவிரல்" என்று குருட்டடியில் அடித்தேன். சரி வந்தது. பன்னிரண்டு மணிக்கு அந்த அதிர்ஷ்டத்தை நம்ப எனக்குத் துணிவில்லை.

ஆகவே, எப்படிச் சொல்வது, முப்பத்தொரு வருடம் பரீட்சை மண்டபங்களில் வரிசை வரிசையாக நடந்து, கடதாசித் துண்டை உள்ளங்கையில் வைத்திருந்தவனைக் காதைப் பிடித்துத் தூக்கியவள், மேசையில் சூத்திரம் எழுதியவளை வெளியே நிறுத்தியவள், "பார்த்தெழுதிப் பாஸாகிறதைவிடப் பெயிலாகிறது மேல்" என்று காலைக் கூட்டங்களில் முழங்கியவள், அன்று பன்னிரண்டு மணிக்கு, இடது கண்ணை முழுதாக மூடி, வலது கண்ணில் அரிசி அளவு நீக்கல் விட்டு, மிஸியின் கை எந்த விரலில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு,

"பெருவிரல்" என்றேன்.

"சரி. இப்ப?"

"நடுவிரல்."

"கெட்டிக்காரி" என்றாள் மிஸி. எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பெருமையாக இருந்தது.

ஆனால் அவள் போகவில்லை. விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கொஞ்சம் வீங்கியிருக்கே ரீச்சர். உண்மையா நோவு ரெண்டுதானா?"

"ரெண்டும் இல்ல, ஒண்டரை."

"நோவுக்குக் குளிசை தரட்டா?"

"வேணாம் மிஸி. தேவையான ஆக்களுக்குக் குடுங்க" என்று பக்கத்துக் கட்டிலைக் காட்டினேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஓட்டமாவடி ஹப்ஸா உம்மா. இடுப்பு எலும்பு ஒப்பரேசன். என் பார்வையில் அவர் ஒரு படுமோசமான நோயாளி. மிஸி கேட்பதற்கு முன்பே சொல்லுவார். "மிஸி, இஞ்ச வாங்களே மகள், இடுப்புல எட்டு. முதுகுல அஞ்சி. காலையில இருந்து வெளிக்குப் போகல்ல. இந்தக் கையில ஊசி ஏத்தின இடம் எரியிது, பாருங்க சிவந்திருக்கி." மிஸி பார்ப்பாள். ஊசியை மாற்றுவாள், முதுகுக்குத் தலையணை வைப்பாள், மருந்து கொடுப்பாள். உம்மா சுகமாக நித்திரை கொள்ளுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அதுவும் டம்ளரில் இல்லாத நேரம் மட்டும், விழித்திருப்பேன். "இப்படியெல்லாம் முறையிட்டா இந்த மனிசி வார பெருநாளுக்கும் இங்கதான்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒருமுறை அவரே கேட்டார். "ஏன் ரீச்சர், ஒங்களுக்கு நோகுறல்லயா? நீங்க கட்டில்ல பிடிக்கிற பிடியில கம்பி வளையப் போகுதே."

"எனக்குப் பழகிப் போச்சு உம்மா."

"கால் முறியுறது பழக்கமா ஒங்களுக்கு?"

கௌரவமானவர்கள் இப்படியான கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

வியாழன் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அந்தக் கட்டுக்குள் நடந்ததை இப்போது சொன்னாலும் என் கால் பின்னால் இழுக்கிறது. விரலை மிஸி மெல்ல மேலே வளைத்துப் பார்த்தபோது கெண்டைக்காலுக்குள் நெருப்புக் கயிறு ஒன்றை இழுத்த மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். மிஸி என் முகத்தைப் பார்த்தாள். வியர்த்திருந்தது. "ஃபேன் வேலை செய்யுதில்ல" என்றேன். தலைக்கு மேலே ஃபேன் ஹெலிகொப்டர் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பிறஷர் பார்த்தாள், நாடி பார்த்தாள், தாளில் ஏதோ எழுதினாள், கேள்விக்குறி ஒன்று போட்டதை மட்டும் நான் கண்டேன். "டொக்டருக்கு ஒருக்காச் சொல்லி வைக்கன்" என்றாள்.

"எதுக்கு மிஸி? ஒண்டுமில்ல."

டொக்டர் ஒப்பரேசன் தியேட்டரில் நின்றார். வர நேரமாகும் என்றார்கள். மணி ஐந்து ஆனது.

சுலோஜனா வந்தாள். கையில் மீன் சொதியும் இடியப்பமும். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "எப்பிடி மச்சாள்?" என்றாள்.

அவ்வளவுதான். அணை உடைந்தது.

"எப்பிடியோ? என்ன கா கேக்கிறாய். வாவியில இருக்கிற முதலை எல்லாத்திலயும் கிழட்டு முதலை ஒண்டு, பல்லு விழுந்து பசியில கிடந்தது, வந்து இந்தக் கட்டுக்குள்ள பூந்திட்டுது. ஆருக்கும் தெரியா. வெளியால வெள்ளையாப் பிளாஸ்டர், உள்ளுக்கு முதலை. மத்தியானத்தில இருந்து மெண்டுகொண்டிருக்கு. விழுங்கவும் மாட்டனெங்குது, விடவும் மாட்டனெங்குது. பத்துக்குப் பன்னிரண்டு போடலாம் கா அதுக்கு."

"வாயைப் பாரு" என்றாள் சுலோஜனா. "பத்துக்குப் பன்னிரண்டு எப்பிடிப் போடுற? நீ படிப்பிச்ச கணக்கா?"

"நான் விஞ்ஞானம். இன்னும் கேளு. இந்தா கிடக்கே அஞ்சு விரல். இது என்டயில்ல."

"மறுகா ஆர்ர?"

"மயக்கத்தில கிடக்கக்குள்ள மாத்திப் போட்டாங்க. வேற ஆரோ ஒரு மனிசிட விரல். என்டதெண்டா எனக்குத் தெரியாதா? தொட்டாலும் தெரியுதில்ல, கிள்ளினாலும் தெரியுதில்ல. பாவம், அந்த மனிசி எங்க கிடந்து என்ட விரலை வச்சிக்கொண்டு என்ன பாடு படுறாளோ."

சுலோஜனா சிரித்தாள். பக்கத்தில் ஹப்ஸா உம்மாவைப் பார்க்க வந்த பேத்தி றுமைஸாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சபை நன்றாகக் கூடியிருந்தது, முதலையின் பெண்சாதியையும் கதைக்குள் கொண்டுவரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கட்டிலின் கால்மாட்டில் றுக்ஷானா மிஸி நிற்பதைக் கண்டேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"ரீச்சர், எப்ப இருந்து அந்த விரல் ஒங்கடயில்ல?"

"அது சும்மா பகிடிக்கு மிஸி. ஒண்டுமில்ல."

"தொட்டாத் தெரியல்லயெண்டு சொன்னீங்க. பன்னிரண்டு மணிக்கும் மூண்டு மணிக்கும் அஞ்சு விரலையும் சரியாச் சொன்னீங்களே."

நான் கூரையைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. சபையில் சாட்சி சொல்லக் காத்திருந்த குரல்.

"மிஸி, ரீச்சர் கொப்பி அடிக்கிறா. கண்ணை மூடல்ல. இஞ்ச இருந்து எனக்கு வடிவாத் தெரியிது, வலக் கண்ணால பாத்துப் பாத்துச் சொல்றா. நான் மத்தியானமே சொல்ல நெனச்ச, ரீச்சராச்சே எண்டு விட்ட."

வாழ்க்கையில் நான் காதைப் பிடித்துத் தூக்கிய பிள்ளைகள் எல்லாரும் அந்த நிமிஷம் எங்கெங்கோ இருந்து கைதட்டியிருப்பார்கள்.

மிஸி கட்டில் கம்பியில் கிடந்த துவாயை எடுத்து மடித்து என் கண்ணில் கட்டினாள். இறுக்கமாக. "இப்ப சொல்லுங்க" என்றாள்.

இருட்டு. நான் காத்திருந்தேன். "தொடுங்க மிஸி" என்றேன்.

"தொட்டுக்கொண்டுதான் இரிக்கன் ரீச்சர்."

அதற்குப் பிறகு சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சுலோஜனாவின் கை என் கையைப் பிடித்தது. அவள் கை குளிர்ந்திருந்தது, அல்லது என்னுடையது. மிஸி ஒவ்வொரு விரலாகக் கேட்டாள். ஐந்து கேள்வி. ஐந்துக்கும் நான் வாய் திறக்கவில்லை. சைபர். என் சீவியத்தில் நான் வாங்கிய முதல் சைபர். நேர்மையாக வாங்கிய சைபர் என்பது மட்டும்தான் ஆறுதல்.

"நோவு எத்தின?"

துவாய்க்குள்ளிருந்து சொன்னேன். "பத்து மிஸி. காலையில இருந்து கூடிக்கொண்டு வந்தது."

அவள் நடந்து போகவில்லை, ஓடினாள். டொக்டரைத் தியேட்டர் வாசலிலிருந்தே கூட்டிக்கொண்டு வந்தாள். காலை ஒருமுறை பார்த்தார், விரலை ஒருமுறை வளைத்தார், நான் இந்தத் தடவை சிரிக்காமல் கத்தினேன். "வெட்டுங்க" என்றார் அவர். வண்டு ரீங்காரமிடுகிற மாதிரி ஒரு சின்ன மெஷின். கட்டை இரண்டு பக்கமும் நீளத்துக்குப் பிளந்தார்கள், உள்ளே சுற்றியிருந்த பஞ்சையும் தோல் வரைக்கும் வெட்டினார்கள். கட்டு திறந்தபோது உள்ளே இருந்த கால் பழுத்த பலாப்பழம் மாதிரிப் பிதுங்கி நின்றது. முதலை வெளியே போனது என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் போனது.

டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே, இப்படியே விட்டிருந்தால் ஒப்பரேசன் செய்து சதையைத் திறக்க வேண்டி வந்திருக்கும் என்றும், அதுவும் பிந்தியிருந்தால் கால் மிஞ்சியிருக்காது என்றும், மிஸிக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னார். மறுபடி தொட்டுப் பார்க்க, மிஸி கால் மாட்டிலேயே கதிரை போட்டு இருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம். கண்ணில் துவாய். சைபர். சைபர். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லுகிற சத்தம் கேட்டது. ஹப்ஸா உம்மா கட்டிலில் இருந்தபடியே தொழத் தொடங்கினார். அப்போது, மிகத் தூரத்தில், அக்கரையில் ஒருவர் கூப்பிடுகிற மாதிரி, ஒரு குறுகுறுப்பு.

"பெருவிரல்" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம். நோகுது மிஸி. என்ட விரல்தான்."

துவாய் நனைந்திருந்தது. வியர்வை என்று எழுதிக்கொள்ளுங்கள். ஃபேன் வேலை செய்யவில்லை.

மறுநாள் பின்னேரம் மிஸி வந்தபோது நான் பாவமன்னிப்புக் கேட்கிற முகத்தோடு தயாராக இருந்தேன். அவள் அதற்கு இடம் தரவில்லை. "ரீச்சர், ஒங்கள்ட்ட நோவு எத்தின எண்டு நான் இனிக் கேக்கமாட்டன்" என்றாள்.

"ஏன் மிஸி? இனி உண்மை சொல்லுறன்."

"ஒங்களுக்கு உண்மை சொல்ல வராது. கதைதான் வரும். கதைக்குள்ளதான் உண்மை வருது." பேனையை எடுத்தாள். "முதலை இண்டைக்கு எங்க நிக்குது?"

நான் யோசித்தேன். நேர்மையாக, மிக நேர்மையாக யோசித்தேன். "கரையில படுத்திருக்கு."

"வாய் திறந்திருக்கா, மூடியிருக்கா?"

"அரைவாசி."

"நாலு" என்று எழுதினாள். "குளிசை தாறன்." தந்தாள். குடித்தேன். நித்திரை கொண்டேன். அந்த வாட்டில் நான் கொண்ட முதல் நல்ல நித்திரை அது. பிறகு வந்த நாட்களில் முதலை வாவிக்குள் இறங்கியது, நடுவாவிக்குப் போனது, மூக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஓர் இலக்கம் இருந்தது. அடுத்த நேரத்து மிஸிமாருக்கும் எழுதி வைத்திருக்கிறாள், காலையில் வந்த வேறொரு மிஸி, முன்பின் தெரியாதவள், மிகக் கடமையாக, "அம்மா, உங்கட முதலை எப்படி?" என்று கேட்டாள். பார்வையாளர் நேரத்தில் என் கட்டிலடியால் ஒரு மிஸி காது கொடுத்தபடி போய் வர வேண்டும் என்பதும் அந்தக் குறிப்பில் இருந்ததாம்.

திங்கட்கிழமை குளிர்த்திக்கு நான் போகவில்லை. அடுத்த வியாழன்தான் டிக்கட் வெட்டினார்கள். ஹப்ஸா உம்மா எனக்கு முதலே போய்விட்டார், எட்டும் அஞ்சும் சொல்லிச் சொல்லியே. போகும்போது, "ரீச்சர், இனிக் கண்ணை வடிவா மூடுங்க" என்று ஒரு புத்தி சொல்லிவிட்டுப் போனார். சுலோஜனா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்தாள். ஊர் முழுக்க என்னைக் கேட்டதாம்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"உண்மையைத்தான்" என்றாள், தீர்த்தத்தை என் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டே. "பிளாஸ்டிக் கதிரை, வேலி, வான். தனுஷாட தாயும் நிண்டா. மாப்பிள்ளை முன் சீட்டுத்தான் எண்டு உறுதிப்படுத்தினா."

ஆகவே, வாசிக்கிறவர்களே, இப்போது எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. கால் இருக்கிறது, கௌரவம் இல்லை. நல்ல பேரம்தான்.

ஆனால் உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நீங்கள் அந்த இனமில்லை என்று இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டு வாசித்தீர்கள். சரி. இன்று காலையில் கட்டிலிலிருந்து எழும்பும்போது ஓர் இடத்தில் பிடித்து இழுத்ததே, எந்த இடம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரியும். எத்தனை நாளாக? உங்கள் மச்சாளுக்கு, மச்சினனுக்கு, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்கு அதை விரிவாகச் சொல்லியாயிற்று. போன மாதம் கிளினிக்கில் அந்த மிஸி பேனையோடு நிமிர்ந்து உங்களைக் கேட்டபோது என்ன சொன்னீர்கள்?

கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லுங்கள். வலக் கண்ணையும் சேர்த்து.